இரண்டு வளைவரைகளுக்கு இடையே உள்ள பரப்பு: வேலூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் பாடம் தொடங்கிவிட்டால், காட்பாடியில் நான் நடத்தும் மாலை வகுப்பில் கேள்விகள் குவிந்துவிடும். தொகையிடல் நன்றாகச் செய்யத் தெரிந்த பிள்ளைகள்கூட "இரு வளைவரைகளால் அடைபடும் அரங்கத்தின் பரப்பு" என்றதும் தடுமாறுகிறார்கள். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும், கல்லூரிக்குப் போய்விட்ட பழைய மாணவர்களும் கேட்டவை இவை. இவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தில் போய் முடியும்: எக்ஸ்-அச்சை மறந்துவிட்டு, இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பார்க்க வேண்டும்.

சார், எதிலிருந்து எதைக் கழிக்கணும்?

மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதை.

ஒய் = 2எக்ஸ் என்ற நேர்க்கோட்டையும் ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தையும் எடுத்துக்கொள்வோம். முதலில் இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும். எக்ஸ்² = 2எக்ஸ் என்று போட்டால் எக்ஸ் = 0, எக்ஸ் = 2 என்று வரும். இவைதான் எல்லைகள். நடுவில் எக்ஸ் = 1 என்று ஓர் இடத்தைப் பாருங்கள். நேர்க்கோட்டின் உயரம் 2, பரவளையத்தின் உயரம் 1. ஆக நேர்க்கோடு மேலே, பரவளையம் கீழே.

அந்த இடத்தில் ஒரு மெல்லிய செங்குத்துப் பட்டை வரையுங்கள். அதன் அகலம் டிஎக்ஸ். நீளம் (2எக்ஸ் − எக்ஸ்²). இந்த மாதிரிப் பட்டைகளை 0-இலிருந்து 2 வரை வரிசையாக அடுக்கிக் கூட்டுவதுதான் தொகையிடல். ∫(2எக்ஸ் − எக்ஸ்²) டிஎக்ஸ் = எக்ஸ்² − எக்ஸ்³/3. எல்லைகளைப் போட்டால் 4 − 8/3 = 4/3 சதுர அலகுகள்.

பட்டையை வரையாமல் சூத்திரத்தை மட்டும் எழுதினால் இந்தக் கணக்கு சரியாக வந்துவிடும், அடுத்தது வராது. அதனால் என் வகுப்பில் பட்டை வரையாத விடையை நான் திருத்துவதில்லை.

வளைவரை எக்ஸ்-அச்சுக்குக் கீழே போனால் குறியை மாற்ற வேண்டாமா?

வேண்டாம். அதிகம் பேரைக் குழப்பும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே ஒரு வளைவரைக்கும் எக்ஸ்-அச்சுக்கும் இடையே பரப்பு காணும்போது "அச்சுக்குக் கீழே இருந்தால் மைனஸ் போடு" என்று சொல்லித்தந்திருப்பார்கள். அது மனதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு வளைவரைகள் வந்ததும், எது அச்சுக்கு மேலே, எது கீழே, எங்கே அச்சைத் தாண்டுகிறது என்று தேடி, ஒரே கணக்கை நாலு துண்டாக வெட்டுகிறார்கள்.

முன்பு பார்த்த கணக்கையே 10 அலகு கீழே இறக்குவோம். ஒய் = 2எக்ஸ் − 10, ஒய் = எக்ஸ்² − 10. 0 முதல் 2 வரை இரண்டுமே அச்சுக்கு வெகு கீழே இருக்கின்றன. எக்ஸ் = 1 என்ற இடத்தில் மேல்விளிம்பு −8, கீழ்விளிம்பு −9. கழித்தால் −8 − (−9) = 1. முன்பும் அதே இடத்தில் 2 − 1 = 1 தான் வந்தது. அந்தப் பத்து, கழிக்கும்போது அடிபட்டுப் போய்விடுகிறது. ஒவ்வொரு பட்டைக்கும் இப்படித்தான். ஆகவே பரப்பும் அதே 4/3. படத்தை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே உள்ள இடம் மாறாது.

சரி, ஒற்றை வளைவரைக்கு ஏன் மைனஸ் போடச் சொன்னார்கள்? எக்ஸ்-அச்சும் ஒரு கோடுதான். அதன் சமன்பாடு ஒய் = 0. வளைவரை அச்சுக்குக் கீழே இருக்கும்போது மேல்விளிம்பு 0, கீழ்விளிம்பு அந்த வளைவரை. மேலிருந்து கீழைக் கழித்தால் 0 − ஒய். அந்த மைனஸ் இங்கிருந்துதான் வந்தது. அதைத் தனி விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. ஒற்றை வளைவரைப் பரப்பு என்பதும் இரண்டு வளைவரைப் பரப்புதான், அதில் ஒன்று அச்சாக அமைந்துவிட்டது, அவ்வளவே. இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் இரண்டு வளைவரையில் தொடங்கி ஒற்றை வளைவரைக்கு வந்தால் பிள்ளைகளுக்குப் பாதிச் சிரமம் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

படம் வரைந்தே ஆக வேண்டுமா? எனக்குப் படம் சரியாக வராது.

அழகாக வர வேண்டியதில்லை. மூன்று விவரம் தெரிந்தால் போதும்: எங்கே வெட்டுகின்றன, நடுவில் எது மேலே, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது. ஸ்கேல்கூட வேண்டாம். ஆனால் படமே இல்லாமல் தொடங்க வேண்டாம்.

விடை மைனஸில் வருது சார். மைனஸை எடுத்துவிட்டு எழுதலாமா?

இரண்டு எல்லைகளுக்கும் நடுவே வளைவரைகள் ஒன்றையொன்று தாண்டவில்லை என்றால், நீங்கள் கழித்த வரிசை தலைகீழாகிவிட்டது என்று பொருள். எண் சரியாகத்தான் இருக்கும். அப்போதும் மேலே போய்க் கழித்தலைத் திருத்தி எழுதுவதே முறை.

நடுவில் தாண்டினால் நிலைமை வேறு. ஒய் = எக்ஸ்³, ஒய் = எக்ஸ் என்ற இரண்டையும் பாருங்கள். −1, 0, 1 என்று மூன்று இடத்தில் வெட்டுகின்றன. −1 முதல் 1 வரை ஒரே மூச்சில் ∫(எக்ஸ் − எக்ஸ்³) டிஎக்ஸ் போட்டால் விடை 0. கண்ணெதிரே இரண்டு இலை மாதிரி இடம் அடைபட்டிருக்கிறது, பரப்பு 0 என்று எப்படி எழுதுவது? 0-க்கு வலப்பக்கம் நேர்க்கோடு மேலே, இடப்பக்கம் எக்ஸ்³ மேலே. வலப்பக்கம் வந்த 1/4-ஐ இடப்பக்கம் வந்த −1/4 தின்றுவிட்டது. வெட்டும் இடத்தில் கணக்கைப் பிரித்து, இரு பக்கமும் மேலிருந்து கீழைக் கழித்துக் கூட்டினால் 1/4 + 1/4 = 1/2.

ஒய் = சைன் எக்ஸ், ஒய் = காஸ் எக்ஸ் என்ற கணக்கும் இதே வகைதான். 0 முதல் பை/2 வரை ஒரே தொகையாகப் போட்டால் 0. பை/4 என்ற இடத்தில் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் √2 − 1, மொத்தம் 2√2 − 2, ஏறக்குறைய 0.83.

ஆகவே சமன்பாடுகளைச் சமப்படுத்தியதும் எத்தனை தீர்வு வருகிறது என்று எண்ணுங்கள். மூன்று வந்தால் இரண்டு துண்டு. நடுத் தீர்வை விட்டுவிட்டு ஓரத்தில் உள்ள இரண்டை மட்டும் எல்லையாக எடுப்பதால்தான் பெரும்பாலும் விடை தப்பிப் போகிறது.

டிஎக்ஸ் போடணுமா, டிஒய் போடணுமா? எப்படி முடிவு செய்வது?

பட்டையைச் செங்குத்தாகப் போடுவதா, படுக்கையாகப் போடுவதா என்பதுதான் கேள்வி. எந்தத் திசையில் போட்டால் பட்டையின் இரண்டு முனைகளும் கடைசி வரை அதே இரண்டு வளைவரைகளைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவோ, அந்தத் திசை நல்லது.

ஒய்² = 2எக்ஸ் என்ற பரவளையம் வலப்பக்கம் திறந்தது. அதை ஒய் = எக்ஸ் − 4 என்ற கோடு (2, −2), (8, 4) என்ற புள்ளிகளில் வெட்டுகிறது. செங்குத்துப் பட்டை போட்டால் எக்ஸ் 0-இலிருந்து 2 வரை பட்டையின் இரு முனைகளும் பரவளையத்திலேயே இருக்கின்றன. 2-ஐத் தாண்டியதும் கீழ்முனை நேர்க்கோட்டுக்கு மாறிவிடுகிறது. இரண்டு துண்டாகச் செய்ய வேண்டும்: முதல் துண்டு 16/3, இரண்டாவது 38/3, கூட்டினால் 18. வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய விடை அது.

படுக்கைப் பட்டை போடுங்கள். வலது முனை எப்போதும் நேர்க்கோட்டில், எக்ஸ் = ஒய் + 4. இடது முனை எப்போதும் பரவளையத்தில், எக்ஸ் = ஒய்²/2. எல்லைகள் −2 முதல் 4 வரை. ∫(ஒய் + 4 − ஒய்²/2) டிஒய். நாலே வரியில் 18 வந்துவிடும். இங்கே மேலே, கீழே என்பதற்குப் பதில் வலது, இடது. வலதிலிருந்து இடதைக் கழிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டிஒய் போட்டால் எல்லைகளும் ஒய் மதிப்புகளாக இருக்க வேண்டும். 2 முதல் 8 வரை என்று எக்ஸ் மதிப்புகளை எழுதிவிட்டு டிஒய் என்று முடிப்பதைப் பல தாள்களில் பார்க்கிறேன்.

வட்டமும் பரவளையமும் சேர்ந்து வந்தால்?

முறை அதேதான், தொகையிடல்தான் நீளம். √(ஏ² − எக்ஸ்²) என்பதன் தொகைக்கான சூத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-அச்சைப் பொறுத்துச் சமச்சீர் இருந்தால் மேல்பாதியை மட்டும் கண்டு இரண்டால் பெருக்கலாம்.

விடை சரிதானா என்று சட்டென்று பார்க்க வழி உண்டா?

பரவளையமும் நேர்க்கோடும் வந்தால் ஓர் அருமையான வழி உண்டு. இரண்டு வெட்டுப்புள்ளிகளின் எக்ஸ் மதிப்புகளின் வித்தியாசத்தை மும்மடி எடுத்து, எக்ஸ்²-இன் கெழுவால் பெருக்கி, 6-ஆல் வகுக்க வேண்டும். கெழு மைனஸாக இருந்தால் குறியை விட்டுவிடலாம். முதல் கணக்கில் வித்தியாசம் 2, கெழு 1. 8/6 = 4/3. சரியாக இருக்கிறது. படுத்த பரவளையம் என்றால் ஒய் மதிப்புகளின் வித்தியாசம்: எக்ஸ் = ஒய்²/2 கணக்கில் வித்தியாசம் 6, ஒய்²-இன் கெழு 1/2. 216 × 1/2 ÷ 6 = 18. அதுவும் சரி. தேர்வுத் தாளில் இதை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஒரு மதிப்பெண் கேள்விக்கும் விடை சரிபார்க்கவும் பயன்படுத்துங்கள்.

இதற்குப் பின்னால் இருப்பவர் ஆர்க்கிமிடீஸ். நியூட்டனும் லைப்னிட்ஸும் வருவதற்கு ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பே, தொகையிடல் என்ற முறையே இல்லாத காலத்தில், ஒரு நாண் பரவளையத்தில் வெட்டும் துண்டின் பரப்பு அதற்குள் அமையும் முக்கோணத்தைப் போல 4/3 மடங்கு என்று அவர் நிறுவினார். நம் முதல் கணக்கிலேயே பார்க்கலாம். நாணின் முனைகள் (0, 0), (2, 4). தொடுகோடு நாணுக்கு இணையாக இருக்கும் புள்ளி (1, 1). இந்த மூன்றையும் சேர்த்த முக்கோணத்தின் பரப்பு சரியாக 1. துண்டின் பரப்பு 4/3. முக்கோணத்துக்கு வெளியே மிஞ்சும் இரு துண்டுகளிலும் மீண்டும் முக்கோணம், அதில் மிஞ்சுவதில் மீண்டும் முக்கோணம் என்று போய், 1 + 1/4 + 1/16 + … என்ற பெருக்குத் தொடரிலிருந்து 4/3-ஐ எடுத்தார். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் செய்து காட்ட வேண்டும் என்பேன். தேர்வில் வராது என்பதற்காக விட்டுவிடக் கூடாத இடம் இது.

எங்க கழனி ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் ஏரிக் கால்வாய். இரண்டும் வளைந்துதான் போகுது. அதுக்குச் சமன்பாடு ஏது?

ஒரு மாணவியின் அப்பா கேட்டது. சமன்பாடு இல்லை, வேண்டியதும் இல்லை. தொகையிடலுக்குத் தேவை ஒவ்வோர் இடத்திலும் உள்ள இடைவெளி மட்டும்தான். அதை டேப் பிடித்து அளந்துவிடலாம்.

நிலத்தின் நீளவாக்கில் 10 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிடமும் ஓடைக்கும் கால்வாய்க்கும் இடையே நேர்க்குறுக்காக அளக்கிறோம் என்று வையுங்கள். 60 மீட்டர் நீளத்துக்கு ஏழு அளவுகள் கிடைக்கும். 12, 17, 21, 22, 20, 16, 11 மீட்டர் என்று கொள்வோம். அடுத்தடுத்த இரு அளவுகளுக்கு நடுவே உள்ள துண்டைச் சரிவகம் என்று எடுத்துக் கூட்டினால் 1,075 சதுர மீட்டர்.

ஓடை நேர்க்கோடாகப் போவதில்லையே, வளைவை இன்னும் சரியாகப் பிடிக்க முடியாதா? முடியும். அதுதான் சிம்ப்சன் விதி. மூன்று மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளையம் போகிறது என்று கொள்வது அது. முதல், கடைசி அளவுகளை அப்படியே எடுத்து, 2, 4, 6-ஆம் அளவுகளின் கூட்டுத்தொகையை 4-ஆலும், 3, 5-ஆம் அளவுகளின் கூட்டுத்தொகையை 2-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 23 + 220 + 82 = 325. இதை 10/3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,083 சதுர மீட்டர். துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இந்த விதி செல்லும். இங்கே ஆறு துண்டு, அதனால் சரி.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். சரிவக முறையில் 26.56 சென்ட், சிம்ப்சன் விதியில் 26.77 சென்ட். வித்தியாசம் கிட்டத்தட்ட 90 சதுர அடி. சென்ட் கணக்கில் விலை பேசும் ஊரில் அது சின்ன இடம் அல்ல.

அவருக்கு நான் சொன்ன இன்னொன்று: பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் சர்வேயர் அளவும் புலப்படமும்தான் செல்லும். அங்கேயும் நிலத்தை முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரித்துத்தான் பரப்பு காண்கிறார்கள். நாமே அளப்பது, அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பதற்கு.

இந்தக் கணக்கில் எக்ஸ்-அச்சு எங்கே இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எங்கேயும் இல்லை. இடைவெளி மட்டும்தான் இருந்தது.

வேலூர்க் கோட்டை அகழி மாதிரி சுற்றி வளைந்து மூடிக்கொண்டால்?

வெளிக்கரை ஒரு மூடிய வளைவரை, உட்கரை இன்னொன்று. வெளிக்கரைக்குள் அடங்கும் மொத்தப் பரப்பிலிருந்து உட்கரைக்குள் அடங்குவதைக் கழித்தால் அகழியின் பரப்பு. ஒவ்வொன்றையும் எப்படிக் காண்பது? கரையோரமாக இடஞ்சுழியாக நடந்துகொண்டே புள்ளிகளின் ஆயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியின் எக்ஸ் × அடுத்ததன் ஒய், அதிலிருந்து அடுத்ததன் எக்ஸ் × இதன் ஒய் கழிக்கவும். சுற்றி வந்து எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு. கல்லூரியில் கிரீன் தேற்றம் படிக்கும்போது இது ஏன் சரி என்று விளங்கும்.

நான் வணிகக் கணிதம் எடுத்திருக்கேன். நுகர்வோர் உபரி என்பதும் இதுதானா?

இதேதான். வாங்குபவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மொத்தம் நுகர்வோர் உபரி; விற்பவர் பக்கம் அதே மாதிரி மிஞ்சுவது உற்பத்தியாளர் உபரி. தேவை வளைவரை விலை = 16 − எக்ஸ்², அளிப்புக் கோடு விலை = 4 + எக்ஸ் என்று வைத்தால், எக்ஸ் = 3, விலை 7 என்ற இடத்தில் சந்திக்கின்றன. தேவைக்கும் விலை 7 என்ற கோட்டுக்கும் நடுவே நுகர்வோர் உபரி 18. அந்தக் கோட்டுக்கும் அளிப்புக்கும் நடுவே உற்பத்தியாளர் உபரி 4.5. கூட்டினால் 22.5. நேரே தேவையிலிருந்து அளிப்பைக் கழித்து 0 முதல் 3 வரை தொகையிட்டுப் பாருங்கள், அதே 22.5 வரும்.

எப்போதுமே மைனஸ் வரக் கூடாதா?

பரப்பு கேட்டால் வரக் கூடாது. வேறு எதையாவது கேட்டால் வரலாம், வரவும் வேண்டும்.

வேலூரிலிருந்து ஆற்காட்டுக்கு இரண்டு பஸ் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. முதல் பஸ் மணிக்கு 40 கி.மீ. சீராகப் போகிறது. இரண்டாவது 20-இல் தொடங்கிச் சீராக வேகம் கூட்டி, அரைமணி நேரத்தில் 60-ஐத் தொடுகிறது. வேகத்தின் வரைபடத்தில் இரு கோடுகளுக்கும் இடையே உள்ள பரப்பைக் குறியோடு எடுத்தால், இரு பஸ்களுக்கும் நடுவே உள்ள தூரம். முதல் கால்மணியில் அது 2.5 கி.மீ.; முதல் பஸ் அவ்வளவு முன்னே போயிருக்கும். அடுத்த கால்மணியில் −2.5, இரண்டாவது பஸ் எட்டிப் பிடித்துவிட்டது. கூட்டினால் 0. இரண்டும் 20 கி.மீ. கடந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இங்கே மைனஸை அழித்து 5 கி.மீ. என்று எழுதினால் தப்பு. கேள்வி என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்தே குறியை வைப்பதும் விடுவதும்.

பொதுத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்க என்ன எழுத வேண்டும்?

ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் படம், வெட்டுப்புள்ளி கண்ட விதம், எது மேலே என்ற ஒரு வரி, எல்லைகளோடு தொகை, தொகையிட்ட படி, விடை. கழிக்கப்படும் சார்பை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்; எக்ஸ்² − (எக்ஸ் + 2) என்பதை எக்ஸ்² − எக்ஸ் + 2 என்று எழுதி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் சதுர அலகுகள் என்று எழுத மறக்க வேண்டாம்.

பயிற்சிக்கு நாலு கணக்கு கொடுங்க சார்.

ஒய் = எக்ஸ்², ஒய் = எக்ஸ் + 2. விடை 9/2.

ஒய்² = 4எக்ஸ், ஒய் = 2எக்ஸ் − 4. பட்டையை எந்தத் திசையில் போடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். விடை 9.

ஒய் = எக்ஸ்³, ஒய் = 4எக்ஸ். விடை 8, 0 வந்தால் பிரிக்க மறந்திருக்கிறீர்கள்.

ஒய்² = 4எக்ஸ், எக்ஸ்² = 4ஒய். விடை 16/3. இதை முடித்தபின் எக்ஸ் = 0, எக்ஸ் = 4, ஒய் = 0, ஒய் = 4 என்ற கோடுகளால் ஆன சதுரத்தையும் அதே படத்தில் வரைந்து, இரு பரவளையங்களும் அதை எத்தனை பங்காகப் பிரிக்கின்றன, ஒவ்வொரு பங்கும் எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கொண்டுவாருங்கள்.